அடுப்படி தெரிந்த அண்ணன்

எங்கள் அண்ணனிடம் பொய் சொல்ல முடியாது. அடுப்படி சம்பந்தமான பொய் என்றால் அறவே முடியாது.

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அந்த வசதி இருந்தது. பைப்படியில் கொஞ்சம் கூடுதலாக நின்று கதை பேசிவிட்டு, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். சோறு குழைந்து போனால் பழியை அரிசியின் மேல் போடலாம். அந்த வீட்டு ஆண்களுக்கு அரிசி எப்படிச் சோறாகிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. சொன்னதை நம்பிவிட்டுச் சாப்பிட்டார்கள். அப்படித் திருடிய நேரத்தில்தான் அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள், படக்கதை சொன்னார்கள், ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் அண்ணன் எழுந்து வந்து விறகைத் தொட்டுப் பார்ப்பார். "காஞ்ச வெறகுதானே? பருப்பு வேக இம்புட்டு நேரமா? எனக்குத் தெரியாதா?" என்பார். துவைத்துக் காயப்போட்ட துணியை முகர்ந்து பார்த்து, எத்தனை தரம் அலசினோம் என்று சொல்வார். மீன் குழம்பை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "கொதி வர்றதுக்கு முந்தியே மீன போட்டுட்டு எங்க போயிட்டீங்க?" என்பார். அவர் சொல்வது ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். அதுதான் கொடுமை.

ஆண்களுக்குப் பெண்களின் வேலை தெரிந்துவிட்டால் பெண்கள் மேல் இரக்கம் வந்துவிடும் என்று இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். கைதட்டுகிறார்கள். நானும் ஒரு தடவை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கைதட்டவில்லை. வேலை தெரிந்த ஆணோடு நான் வளர்ந்திருக்கிறேன்.

மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை பார்த்தது. அம்மாவும் அப்பாவும் பால்வெட்டு. விடியுமுன்பே பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பார்கள். காட்டில் இருவருக்கும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வாளி, ஒரே கொசு. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டும்போதும் ஆண் பெண் என்று பிரித்துப் பார்க்கமாட்டார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் செம்மண் பாதையில்தான் அவர்கள் பிரிவார்கள். அப்பா கள்ளுக்கடைப் பக்கம் திரும்புவார், அம்மா வீட்டுப் பக்கம் திரும்புவாள்.

அம்மா வீட்டுக்கு வரும் வரை வீட்டை யார் பார்ப்பது? மற்ற வீடுகளில் மூத்த பெண் பார்த்தாள். எங்கள் வீட்டில் மூத்தது ஆண். அடுத்தது அக்கா, அதற்கடுத்தது நான், கடைசியில் தம்பி. அண்ணனுக்கு எட்டு வயதாகும்போதே அம்மா அவரை அடுப்பின் முன்னால் உட்காரவைத்துச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாளாம். "மூத்தது பொண்ணாப் பொறந்திருந்தா எனக்கு இந்த சூசா, இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே கற்றுக்கொடுத்தாளாம். அக்காதான் இதை எனக்குச் சொன்னாள். அந்த வார்த்தை அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

என் நினைவில் முதலில் இருப்பது அவர் கைகள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, தேங்காயெண்ணெய் தடவி, நடு வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போடுவார். ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்றதை முடிவார். அவர் பின்னியது மாலைவரை அவிழாது. "ஆடாத, ஆடுனா கோணிக்கும்" என்பார். வாயில் ரிப்பன் இருப்பதால் அது பாதிதான் வெளியே வரும். எனக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிப்பார். அக்காவுக்குப் பின்னி, எனக்குப் பின்னி, தம்பியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவர் பள்ளிக்கூடம் வருவதற்குள் மணியடித்துவிடும். காதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நிற்பார். நான் என் வகுப்புச் சன்னல் வழியாகக் கையசைத்தால், காதைப் பிடித்த கையாலேயே ஒரு விரலை மட்டும் ஆட்டுவார்.

அந்த அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமாக இருக்காது.

எழுபதுகளின் ஆரம்பத்தில் அக்கா பெரிய மனுஷி ஆனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், அண்ணனுக்குப் பதினான்கு. வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் குச்சு கட்டி அவளை உட்காரவைத்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது, உடன்பிறந்தவனே ஆனாலும் அவள் முகத்தில் விழிக்கக்கூடாது. தினமும் உளுத்தங்களி கொடுக்கவேண்டும். அம்மாவுக்கு வேலைக்குப் போகாமல் முடியாது. அதனால் களியை அண்ணன் கிண்டினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாங்கிப்போய் அக்காவுக்குக் கொடுத்தார். யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து வந்து இறங்கியது. வீடு நிறைய ஆட்கள். அம்மா வெற்றிலைத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவும் வந்தவர்களோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டார். களி தயாராகி ஆறிக்கொண்டிருந்தது. தினமும் எல்லாருக்கும் சோறு போட்டவர் அண்ணன். ஆறிப்போன களி தொண்டையில் இறங்காது என்று அவருக்குத் தெரியும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். குச்சின் வாசலில் குந்தி உட்கார்ந்து, "இந்தா, சுருக்கா சாப்புடு. எண்ண நல்லா ஊத்திருக்கேன்" என்று உள்ளே நீட்டினார். நான் பின்னாலேயே போயிருந்தேன். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, பின்கதவில் நின்று பார்த்துவிட்டார். சத்தமாகக் கேட்டார்.

"அந்தக் களிய யாரு கிண்டுனது?"

"இவன்தான்" என்று யாரோ சொன்னார்கள்.

"என்னா அண்ணி இது? சின்னவளுக்குக் குச்சு கட்டிட்டீங்க. மூத்த பொண்ணுக்கு எப்ப கட்டப் போறீங்க?"

கூடத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சு வாசலுக்குப் போனது, அங்கே ஆண்கள் சிரித்தார்கள். மாமாவின் பிள்ளைகள், அண்ணன் வயதுப் பையன்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா அடித்திருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அம்மா வந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். "ஒனக்கு யாருடா இந்த வேலையெல்லாம் குடுத்தது?" என்றாள்.

யார் கொடுத்தது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணன் கையில் ஒட்டியிருந்த களியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சடங்கு முடிந்த மறுநாள் காலை நான் வழக்கம்போலச் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அக்காகிட்ட போ" என்றார். அக்காவுக்குப் பின்னத் தெரியாது என்றேன். "கத்துக்குவா. போ." அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "இனிமே அவன எதுக்கும் கூப்புடாதீங்க. வீட்டுல பொண்ணு சமஞ்சிருக்கு. ஆம்பளப் புள்ளைய ஏன் அடுப்படியில விடணும்? அப்புறம், அண்ணன நீ வா போன்னு பேசக்கூடாது. நீங்கன்னு சொல்லணும்." அன்று நான் கோணல் பின்னலோடு பள்ளிக்குப் போனேன். அண்ணன் அன்று தாமதமாக வரவில்லை.

ஒரு வேலையை ஒருவரிடமிருந்து பிடுங்கினால் அந்த இடத்தில் வேறொன்றைக் கொடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. ஆம்பளை என்று பெயர் மட்டும் கொடுத்தார்கள். சில வாரம் அவர் வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பார். பந்து விளையாடப் போனால் அங்கே பையன்கள் "மூத்த பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் மாமா வீட்டார் கிளம்புவதற்கு முன்பே தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் ஒருவனைக் கல்லால் அடித்துவிட்டு வந்தார். அன்று அப்பா அவரைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்து பொரித்த மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அப்பா அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அந்த மீனை எவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அக்காவுக்குச் சமைக்கத் தெரியாது. இத்தனை நாளும் அண்ணன் செய்ததால் அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. முதல் வாரம் சோற்றைக் கருக்கினாள், கையைச் சுட்டுக்கொண்டாள். அண்ணன் அடுப்படி நிலையில் வந்து நிற்பார். உள்ளே கால் வைக்கமாட்டார். அங்கிருந்தபடியே, "கஞ்சிய இப்ப வடி. துணியச் சுத்திப் பானையப் புடி" என்று சொல்லுவார். முதலில் அது உதவியாகத்தான் இருந்தது. அக்கா நிமிர்ந்து நன்றியோடு பார்ப்பாள். எப்போது அது உத்தரவாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் அக்கா நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நிலையில் நிழல் விழுந்தால் தோள் இரண்டும் தானாக ஒடுங்கும்.

வேலை தெரியாத ஆள் கோபப்பட்டால் ஒரு சமாதானம் சொல்லித் தப்பிக்கலாம். வேலை தெரிந்தவர் கோபப்பட்டால் எங்கே தப்பிப்பது? எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் மூச்சு விடலாம், எந்த மூலையைக் கூட்டாமல் விட்டால் வெளியே தெரியாது, எல்லாம் அவர் போன பாதை. நாங்கள் அந்த மூலைக்குப் போகும் முன்பே அவர் அங்கே நின்றார்.

அதைவிட, தம்பியை அவர் வளர்த்த விதம் எனக்கு இன்றும் கசக்கிறது. தம்பிக்கு அப்போது ஆறு வயது. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கழுவப் போனான். அது அண்ணனே முன்பு அவனுக்குப் பழக்கியது. அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போற?"

"தட்டு கழுவ."

"வை அத. அக்காமாருங்க எதுக்கு இருக்காங்க? ஊரு சிரிக்கணுமா உன்னப் பாத்து?"

தம்பி தட்டைக் கீழே வைத்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் வைத்தான். ஆனால் குழந்தைகளுக்கு வசதி சீக்கிரம் புரிந்துவிடும். அந்த வருடம் முடிவதற்குள், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வாசலில் இருந்த என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கப் பழகிவிட்டான். நான் "நீயே எடுத்துக்கலாம்ல?" என்றேன். அவன் சண்டை போடவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "நான் ஆம்பளலா" என்றான்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அவளிடம் ரகசியமாகக் கேட்டேன், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று. நான் சினிமா நடிகர் மாதிரி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாத ஆளா இருந்தா போதும்" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் கேட்டது மாதிரியே கிடைத்தது. அந்த விஷயத்தில் அவளுக்கு அதிர்ஷ்டம்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் என் கதை ஆரம்பித்தது. நான் அப்போது கோப்பெங் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் மூன்றாம் படிவச் சோதனை. அதில் தேறினால் தாதி உதவியாளர் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று பள்ளியில் ஓர் ஆசிரியை சொல்லியிருந்தார். தோட்டத்து மருந்தகத்தில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் தாதி மிஸ்ஸியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொப்பி என் தலையில் நிற்குமா என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்தச் சோதனை வேண்டும். அதைத் தவிர நான் அந்த வயதில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அண்ணன் அப்போது தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். அப்பா கள்ளில் கரைந்துகொண்டிருந்ததால் வீட்டில் பேச்சு அண்ணனுடையது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசத்தோட நீ பள்ளிக்கூடத்துலேருந்து நின்னுக்க."

நான் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "ஏண்ணே?"

"அக்கா போயிட்டா. அம்மாவுக்கு முடியல. வீட்ட யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கிட்டே போறேன். காலையில வெள்ளன எந்திரிச்சி எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போறேன்."

"முடியாது."

"நீங்க பள்ளிக்கூடம் போய்க்கிட்டேதானே எல்லாத்தையும் செஞ்சீங்க?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மா அரிவாள்மணையில் அரிவதை அப்படியே நிறுத்தினாள். அப்பா தட்டைப் பார்த்தார். அடி விழும் என்று நான் நினைத்தேன். அண்ணன் அடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணக் குரலில் பேசினார்.

"செஞ்சதுனாலதான் சொல்றேன். ரெண்டும் முடியாது. தெனம் லேட்டு, தெனம் வெளிய நின்னேன். வாத்தியாரு என்னா சொல்லிக்கொடுத்தாருன்னே எனக்குத் தெரியாது. பெயிலானேன். ரெண்டையும் வச்சிக்கிட்டு ஒருத்தர் படிக்க முடியாது. எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. அவருக்கு நடந்தது என்ன என்று அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. யாராவது ஒருவர் அதை அன்று புரிந்துகொண்டு அவரை அடுப்படியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவும் தெரிந்த ஆள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அடுப்படியில் விட்டார்.

"அப்ப தம்பி பாக்கட்டும்" என்றேன். "அவனுக்குப் பன்னெண்டு வயசாச்சு. ஒங்களுக்கு எட்டு வயசுலயே வந்துச்சுல்ல?"

முதலில் சிரித்தது தம்பிதான். "நானா?" என்றான். மூக்கில் சோறு ஏறிப் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அப்பா சிரித்தார். அம்மாவும், முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு, சிரித்தாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவினார். "பேச்சு முடிஞ்சிச்சு" என்றார்.

வருடக் கடைசியில் பள்ளிச் சீருடையை அம்மா வெட்டி அடுப்படிக்குப் பிடிதுணி தைத்தாள். நல்ல துணி, சுடாது. ஏழெட்டு மாதத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி வந்துவிட்டால் நான் திரும்பப் போகலாம் என்று ரகசியமாக ஓர் எண்ணம் வைத்திருந்தேன். அண்ணி வந்த வாரமே அவருக்கும் பால்வெட்டில் பேர் பதிந்துவிட்டார்கள். அண்ணியும் காட்டிலிருந்து வந்தால் சோறு வேண்டும். சாப்பிட இன்னொரு வாய் கூடியதுதான் எனக்குக் கிடைத்த மாற்றம். அந்த அண்ணியை நான் வெறுத்ததில்லை. நிலையில் விழும் நிழலுக்கு அவரும் சீக்கிரமே பழகிவிட்டார்.

பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயம் காலியானது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். எண்பதுகளில் நாங்கள் எல்லாரும் ஈப்போ பக்கம் ஒதுங்கினோம். நான் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். அண்ணனுக்கும் பக்கத்திலேயே வேறு தொழிற்சாலையில் காவல் வேலை. நடந்து போகும் தூரத்தில் வீடு. அண்ணனுக்கு மூத்தது பெண். கெட்டிக்காரி. வகுப்பில் அவள்தான் எப்போதும் முதல். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பேராசை வரும், இவளாவது என்று.

அவள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது அண்ணிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு மதிய ஷிஃப்ட். பிள்ளையைப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் போனேன். அண்ணன் மகன் பள்ளிக்குப் போயிருந்தான். மகள் வீட்டுச் சட்டையோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஹாலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வாரம் விடுப்பு.

"இவ ஏன் பள்ளிக்கூடம் போகல?" என்று கேட்டேன்.

"அண்ணி எந்திரிக்கிற வரைக்கும்தான். கொஞ்ச நாளைக்கு."

"சோதனை வருது."

"தெரியும்லா. வீட்ட யாரு பாக்கறது?"

அந்தக் கேள்வி இரண்டாம் தடவையாக என் காதில் விழுந்தது. அறையில் அண்ணி படுத்திருக்கிறார் என்பதையும் மறந்து பேசினேன். "நீங்கதான் வீட்டுல சும்மா இருக்கீங்க. நீங்க பாருங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா? எங்கள நிலையில நின்னுக்கிட்டுக் கொன்னீங்களே, முன்ன எங்களுக்குச் சோறாக்குன கை என்னா ஆச்சு? என்னத்தான் பள்ளிக்கூடத்துலேருந்து எடுத்துட்டீங்க. இவள விட்டுருங்க."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எழுந்தார். வாசற்கதவைச் சாத்தித் தாழ்போட்டார். முன்பக்கக் கண்ணாடிச் சன்னலை மூடினார். திரையை இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்த சன்னலையும் மூடினார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

எத்தனையோ வருடமாக அவர் அடுப்படிப் படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அரிசியைக் களைந்தார். வெங்காயம் உரித்தார். பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று பூண்டும் மிளகும் எடுத்து அம்மியில் வைத்து நசுக்கினார். கை எதையும் மறந்திருக்கவில்லை. தேடாமலே எல்லாம் கைக்கு வந்தன. அவர் உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன, ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டு. எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்கு இது பிடித்திருக்கிறது, பிடித்ததைத்தான் அன்றைக்குப் பிடுங்கினார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சந்தோஷமாகத் திரும்பி மகளைப் பார்த்தேன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டவள்போல அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "மச்சான், இருக்கியா?" அண்ணனோடு வேலை செய்பவர். அண்ணன் கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். திரும்பி எங்களைப் பார்த்தார். தாடி நரைக்கத் தொடங்கிய அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மகள் அதைப் பார்த்தாள். அடுத்த நொடி ஓடிப்போய்க் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தாள்.

"அப்பா குளிக்கிறாரு அங்கிள்."

"உள்ளுக்குத் தாளிக்கிற வாசம் தூக்குதே. யாரு சமைக்கிறா?"

"நான்தான் அங்கிள். அத்தை சொல்லிக் குடுக்கிறாங்க."

"கெட்டிக்காரிலா நீ. சரி, அப்புறமா வாரேன்னு சொல்லு."

மோட்டார் சைக்கிள் போனது. மகள் திரும்பி வந்து அப்பாவிடம் கை நீட்டினாள். அவர் அகப்பையைக் கொடுத்துவிட்டார். கை கழுவினார். சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தை, இனிமே அப்பாவ இப்படிச் செய்யச் சொல்லாதீங்க. யாராச்சும் பாத்திருந்தா அப்பாவுக்கு எவ்ளோ அசிங்கம். நான் பள்ளிக்கூடம் போகல. எனக்கு வேணாம்."

"உன் சோதனை?"

"தம்பி படிக்கிறான்ல அத்தை. அது போதும்லா."

அவள் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். தேடினேன். வருத்தம் இல்லை. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமைதான் இருந்தது.